டீச்சர் பதில்கள்: பரிவு காட்டினால் படிப்பு கெட்டுப் போகுமா?

போன இதழில் ‘பாடத்தோடு பிள்ளைகளின் மனசையும் கவனியுங்கள், பரிவு காட்டுங்கள்’ என்று நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதி பாராட்டு, பாதி திட்டு. பாராட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். இந்த இதழில் மற்றவற்றுக்குப் பதில்.

எங்கள் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டு, “இனிமேல் இங்கே மனிதநேயக் கல்வி” என்றார்கள். அப்படியென்றால் என்ன டீச்சர்? அடிக்காமல் அன்பாகப் பேசுவதா, முதியோர் இல்லத்துக்கு அரிசி கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதா?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

அரிசி கொடுப்பது நல்ல காரியம், அதை நிறுத்த வேண்டாம். ஆனால் இது வேறு. குழப்பத்துக்குக் காரணம் தமிழ்ப் பெயர்தான். ஏழைக்கு உதவுவதையும் ‘மனிதநேயம்’ என்கிறோம், உளவியலில் வந்த ஒரு சிந்தனை மரபையும் ‘மனிதநேயம்’ என்கிறோம். ‘மனிதமையக் கல்வி’ என்று வைத்திருந்தால் உங்கள் பள்ளி அரிசி மூட்டை பக்கமே போயிருக்காது.

அந்த மரபு அமெரிக்காவில் 1950, 60-களில் வலுப்பெற்றது. எலியைப் பழக்குவது மாதிரி மனிதனையும் பரிசு, தண்டனை என்று பழக்கிவிடலாம் என்று ஒரு கட்சி. எல்லாமே ஆழ்மனசின் வேலை என்று இன்னொரு கட்சி. இரண்டும் வேண்டாம், மனிதனுக்குள்ளேயே வளரவேண்டும் என்ற உந்துதல் இருக்கிறது, அதற்கு வேண்டிய சூழலைக் கொடுங்கள் என்று வந்தவர்கள் மூன்றாவது கட்சி. அதில் முக்கியமானவர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987). பேராசிரியர் ஆவதற்கு முன்னால் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் ஊரில் சுமார் 12 வருஷம் சிக்கலில் மாட்டிய பிள்ளைகளோடு வேலை பார்த்தவர் என்பதால், வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிட முடியாது. ஆசிரியரிடம் அவர் எதிர்பார்த்தது மூன்று. பாசாங்கு இல்லாமல் இருப்பது, ‘நீ மார்க் எடுத்தால்தான் நல்ல பிள்ளை’ என்று நிபந்தனை போடாமல் பிள்ளையை ஏற்பது, பிள்ளை இருக்கும் இடத்தில் நின்று விஷயத்தைப் பார்ப்பது.

இதில் முதலாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எப்போதும் சிரித்த முகமாக இருக்கும்படி ரோஜர்ஸ் சொல்லவே இல்லை. கோபம் வந்தால் கோபம் வந்தது என்று சொல்லலாம். “இந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கிறது” என்பது உண்மை. “நீங்களெல்லாம் உருப்படவே மாட்டீர்கள்” என்பது சாபம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே, அன்பாகப் பேசுவதோடு முடிகிற சமாச்சாரம் இல்லை இது. தேன் ஒழுகப் பேசிக்கொண்டே பிள்ளையைக் கூனிக்குறுக வைக்கிற ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் 35 வருஷம் காவல்துறையில் இருந்தவன். எங்கள் அப்பா வாத்தியாரிடம் “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க” என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார். அடி வாங்கித்தான் ஆளானோம். இன்றைக்குப் பயம் விட்டுப்போய் பிள்ளைகள் ஆடுகின்றன. இதற்கு என்ன சொல்கிறீர்கள் அம்மா?
– ஓய்வு பெற்ற தலைமைக் காவலர், கரூர்

ஐயா, உங்களோடு அடி வாங்கியவர்கள் எல்லோரும் எங்கே என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். அடி வாங்கி நன்றாக வந்தவர்கள்தான் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறார்கள். எட்டாவது படிக்கும்போது பையை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு லாரி செட்டுக்குப் போனவர் எழுதுவதில்லை. உங்கள் வகுப்பிலும் அப்படி நாலைந்து பேராவது இருந்திருப்பார்கள். அடியால் ஆனவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் அடிக்கு நல்ல பேர்தான் கிடைக்கும்.

பயத்தால் வேலை நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கலாம். ஆனால் “சார், எனக்கு இது புரியல” என்று கையைத் தூக்க வைக்க முடியாது. நான் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். புரியவில்லை என்று சொல்லப் பயப்படுகிற பிள்ளைக்குக் கணக்கு வராது. எங்கே சறுக்கியது என்று எனக்குத் தெரியாமலேயே போய்விடும், அடுத்த பாடத்தில் அது இரண்டு மடங்காகும்.

சட்டமும் இருக்கிறது. 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலில் அடிப்பதையும் மனசை வதைப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து பிரம்பைக் கீழே வைத்தவர்களில் பலர் அதற்குப் பதில் நாக்கை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை அதட்டவும் தெரியாமல், அணைக்கவும் தெரியாமல், ‘எக்கேடோ கெட்டுப் போ’ என்று விட்டவர்கள் இன்னொரு பக்கம். நீங்கள் பார்க்கிற ஆட்டம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். பிரம்பு போன இடத்தில் வேறெதையும் நாம் வைக்கவில்லை.

ரோஜர்ஸ், மாஸ்லோ என்று வெளிநாட்டுச் சரக்கையே விற்கிறீர்களே, நம்மிடம் ஒன்றுமே இல்லையா?
– வாசகர், மன்னார்குடி

இருக்கிறது. திருக்குறளில் பொருட்பாலைத் திறந்து 57-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள், ‘வெருவந்த செய்யாமை’. பிறர் மிரளும்படி நடக்காதே என்பது. அடுத்த அதிகாரமே ‘கண்ணோட்டம்’, அதாவது பரிவு. இரண்டும் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் அரசனுக்குச் சொன்ன ‘அரசியல்’ பகுதியில் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். அதிகாரம் கையில் இருக்கிறவனுக்குச் சொன்னது அது. நாற்பது பிள்ளைகள் முன்னால் சாக்பீஸோடு நிற்கிறவரும் அந்த அறைக்கு ராஜாதானே?

கரூர்க்காரருக்கும் சேர்த்து ஒரு குறள்: “கடிதோச்சி மெல்ல எறிக நெடிதாக்கம் நீங்காமை வேண்டு பவர்.” ஓங்கும்போது பலமாக ஓங்கு, விழும்போது மெல்ல விழட்டும். இதைப் பிரம்புக்கு அனுமதிச் சீட்டாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அது தண்டனையின் அளவைப் பற்றிய பேச்சு. அடுத்து 578: “கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்துஇவ் வுலகு.” செய்யவேண்டிய வேலையைக் கெடுக்காமல் பரிவு காட்டத் தெரிந்தவனுக்குத்தான் உலகம் என்கிறார். ‘பரிவு காட்டினால் படிப்பு கெட்டுப்போகும்’ என்று கேட்டு ஏழெட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அத்தனைக்கும் இந்த ஒன்றே முக்கால் அடி போதும்.

குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒருவர் இருந்தார் (1885–1939). வக்கீல். மகன் பிறந்தபிறகு பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் படிக்கப் போய், வக்கீல் வேலையை விட்டுவிட்டு, 1920-ல் பாவ்நகரில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி திறந்தார். கதையும் ஆட்டமும் பாட்டுமாகப் பாடம். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘மீசை வைத்த அம்மா’. இதைவிடப் பெரிய விருது ஒரு வாத்தியாருக்குக் கிடைக்குமா என்ன!

மேடம், நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஒரு வகுப்பில் 48 பேர். டிசம்பருக்குள் போர்ஷன் முடிக்க வேண்டும். ஒவ்வொருவர் மனசையும் கவனி என்கிறீர்கள், 40 நிமிஷத்தில் எப்படி முடியும்? ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட வராதே.
– ஆசிரியை, கடலூர் மாவட்டம்

கணக்கு சரிதான். ஆளுக்கு 50 விநாடி வரும், அதற்குள் பாடமும் நடத்த வேண்டும். இதற்கு ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று பதில் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முதலில் ஒரு பாரத்தை இறக்கி வையுங்கள். 48 பேருக்கும் நீங்கள் அம்மாவாக முடியாது, ஆகவும் வேண்டாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை நான் தப்புச் செய்துதான் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் சுற்றுலாவுக்குப் பணம் வசூல். ஒரு பெண் மட்டும் கட்டவில்லை. வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், அதனால் என் பணத்தைப் போட்டு பட்டியலில் அவள் பெயருக்கு நேராக டிக் அடித்துவிட்டேன். பெருமையாகவும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். பட்டியல் மேசை மேல் கிடந்தது. பிள்ளைகள் கண்ணுக்குத் தப்புமா? “உனக்கு யாருடி கட்டினா?” என்று கேட்டிருக்கிறார்கள். சுற்றுலா அன்றைக்கு அவள் வரவில்லை, வயிற்றுவலியாம். அதற்கப்புறம் வருஷம் முடிகிறவரை அவள் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவே இல்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், ‘உதவி செய்தால் நன்றி இல்லை பார்’ என்று.

நெல் நாடிங்ஸ் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியை, அவரும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர்தான். அக்கறை என்பது காட்டுகிறவரோடு முடிவதில்லை, பெறுகிறவர் அதை அக்கறையாக உணர்ந்தால்தான் அது முழுமையாகிறது என்று 1984-ல் எழுதினார். நான் செய்தது அந்தக் கணக்கில் வராது. நான் இரக்கப்பட்டேன், அவள் தலை குனிந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

அப்படியென்றால் எப்படிச் செய்வது? ஜப்பானில் டோமோயே என்று ஒரு சின்னப் பள்ளி இருந்தது. 1937-ல் டோக்கியோவில் சோசாகு கோபயாஷி தொடங்கியது, பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை, 1945-ல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அங்கே படித்த டெட்சுகோ குரோயநாகி 1981-ல் எழுதிய ‘டோட்டோ-சான்’ தமிழிலும் வந்திருக்கிறது, உங்கள் பள்ளி நூலகத்திலேயே இருக்கலாம். முதல் நாள் அந்தச் சிறுமியைத் தலைமையாசிரியர் நாலு மணி நேரம் பேசவிட்டுக் கேட்டார் என்பதைத்தான் எல்லோரும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். முழுப் பள்ளிக்கும் சுமார் 50 பிள்ளைகள் இருந்த இடம் அது, உங்களுக்கு ஒரு வகுப்பிலேயே 48. ஆகவே நாலு மணி நேரத்தை விட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது அங்கே நடந்த விளையாட்டு விழா. கை கால் வளர்ச்சி நின்றுபோய்க் குள்ளமாகவே இருந்த ஒரு பையன் அந்தப் பள்ளியில் இருந்தான். துணியால் செய்த பெரிய மீனின் வாய்க்குள் புகுந்து வால் வழியே வெளியே வருவது, படிக்கட்டில் ஏறி இறங்கி ஓடுவது என்று போட்டிகள். உயரமான பிள்ளைகள் மீன் வயிற்றில் சிக்கித் தவிக்க, அவன் சர்ரென்று வெளியே வந்துவிடுவான். எல்லாப் பந்தயத்திலும் அவனே முதல். பரிசு என்ன தெரியுமா? முள்ளங்கியும் மற்றக் காய்கறிகளும்! “பாவம், இவனுக்கு ஒரு ஆறுதல் பரிசு” என்று யாரும் அறிவிக்கவில்லை. யாரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை, மற்ற பிள்ளைகள் நிஜமாகவே ஜெயிக்கப் பார்த்தார்கள். பரிவு முழுவதும் போட்டியை அமைத்த விதத்திலேயே ஒளிந்திருந்தது.

நம் ஊரிலும் இதே சூட்சுமம் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது. ‘வீட்டில் சாப்பிடாதவன் மட்டும் எழுந்திரு’ என்று யாரும் கேட்பதில்லை, அதனால் யார் பட்டினியாக வந்தான் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கே தெரியாது. சீருடையும் அதே மாதிரிதான்.

இதை உங்கள் 40 நிமிஷத்துக்குள் கொண்டுவரப் பாருங்கள். வீட்டுப்பாடம் செய்யாதவர்களை எழுப்பி நிறுத்துவதற்குப் பதில், நோட்டைத் திருத்தும்போது ‘மதியம் என்னைப் பார்’ என்று ஒரு வரி எழுதுங்கள், ஏன் செய்யவில்லை என்று தனியாகக் கேட்டால் வேறு பதில் வரும். தேர்வுத் தாளை முதல் மார்க்கிலிருந்து கடைசி மார்க் வரை பெயர் வாசித்துக் கொடுக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், மடித்துக் கொடுத்தால் நேரம் ஒன்றும் கூடுதலாக ஆகாது. கேள்வி கேட்டதும் முதலில் தூக்கின கையைப் பார்க்காமல் பத்து எண்ணும்வரை சும்மா நில்லுங்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது எண்ணைச் சொல்லாமல் பெயரைச் சொல்லுங்கள், சொல்லும்போது நோட்டைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். ஒரு வாரத்தில், யார் முகம் நேற்று மாதிரி இல்லை என்று உங்களுக்கே தெரிய ஆரம்பித்துவிடும். 48 பேரில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் உங்கள் தனிக் கவனம் வேண்டியிருக்கும், அவர்கள் யார் என்பதுதான் தினமும் மாறும்.

மன்னார்குடிக்காரர் மாஸ்லோ என்றாரே, அவரும் ரோஜர்ஸின் கட்சியைச் சேர்ந்த உளவியலாளர்தான். பி.எட். புத்தகத்தில் ஒரு முக்கோணம் போட்டு, கீழே சோறு, அதற்கு மேல் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, உச்சியில் தன்னிறைவு என்று இருக்குமே, அது அவர் பெயரில் வருவதுதான். 1943-ல் அவர் எழுதிய கட்டுரையில் அந்த முக்கோணமே கிடையாது, பிற்பாடு மற்றவர்கள் வரைந்தது. கீழ்த்தட்டு முழுசாக நிறைந்தால்தான் மேல்தட்டுக்குப் போகலாம் என்றும் அவர் சொல்லவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘சாப்பாட்டுக்கே வழியில்லாத பிள்ளைக்கு மரியாதை எதற்கு, அதெல்லாம் அப்புறம்’ என்று ஒரு சக ஆசிரியர் அந்தப் படத்தைக் காட்டியே என்னிடம் வாதாடினார். பசிக்கிற பிள்ளைக்கும் மரியாதை இன்றைக்கே வேண்டும். அந்தச் சுற்றுலாப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பாடத்துக்குப் போவதும் போகாததும் பிள்ளையின் இஷ்டம் என்று இங்கிலாந்தில் ஒரு பள்ளி இருக்கிறதாமே, நிஜமா?
– அச்சகத் தொழிலாளி, சிவகாசி

நிஜம். சம்மர்ஹில். ஏ.எஸ். நீல் 1921-ல் ஜெர்மனியில் தொடங்கி, 1927-லிருந்து இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் லெய்ஸ்டன் என்ற ஊரில் நடக்கிறது. பள்ளிக் கூட்டத்தில் ஆறு வயசுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு, தலைமையாசிரியருக்கும் ஒரே ஓட்டு. ஆனால் இஷ்டம் போல ஆடலாம் என்று அர்த்தமில்லை. வகுப்புக்குப் போகாமல் இருப்பது உன் விஷயம், ஊர் தூங்கும்போது ஊதுகுழலை ஊதினால் அது ஊர் விஷயம், கூட்டம் உன்னைக் கேட்கும். அரசாங்க ஆய்வாளர்கள் இந்த ஏற்பாடு சரியில்லை என்று சொல்ல, வழக்கு 2000-ஆம் வருஷம் லண்டனில் விசாரணைக்கு வந்து சமரசத்தில் முடிந்தது. அதை ஏற்கலாமா என்று பிள்ளைகள் அந்த நீதிமன்ற அறையிலேயே கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

கட்டணம் கட்டித் தங்கிப் படிக்கிற சின்னப் பள்ளி அது, நம் ஊருக்கு அப்படியே தூக்கிவர முடியாது. நான் எடுத்துக்கொள்வதானால் அந்தக் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். வாரத்தில் ஒரு நாள், கடைசிப் பீரியட், 20 நிமிஷம்.

டீச்சர், நான் எட்டாவது படிக்கிறேன். எங்க சார் எல்லார் முன்னாடியும் “நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்று சொல்கிறார். எல்லாரும் சிரிக்கிறாங்க. அம்மாவிடம் சொன்னால் “காதில் வாங்காதே” என்கிறார். எனக்கு ஸ்கூலுக்குப் போகவே பிடிக்கல.
– (பெயர், ஊர் வேண்டாம்)

தம்பி, உன் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். காதில் வாங்காமல் இருக்க முடியாது, காது அப்படிப்பட்ட உறுப்பு இல்லை. உனக்கு வலிப்பது சரிதான், நீ ஒன்றும் ரொம்ப மெல்லிய மனசுக்காரன் இல்லை. அப்படிப் பேசுவது தப்பு, சட்டப்படியும் தப்பு. மேலே கரூர் தாத்தாவுக்கு எழுதியதைப் படி.

அம்மா உன்னை விட்டுவிட்டார் என்று நினைக்காதே, அவருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கலாம். இந்தப் பக்கத்தை அவரிடமே காட்டு. “எனக்குப் பள்ளிக்குப் போகவே பிடிக்கவில்லை” என்ற அந்தக் கடைசி வரியை அவரிடம் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் இன்று ராத்திரி சொல். பள்ளியில் உனக்குப் பிடித்த டீச்சர் ஒருவராவது இருப்பார், வேறு பாடம் எடுப்பவராக இருந்தாலும் பரவாயில்லை, அவரிடமும் சொல். யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 1098-க்குப் போன் பண்ணு, பிள்ளைகளுக்காகவே இருக்கிற எண், காசு கிடையாது. அப்புறம், மாடு மேய்ப்பது லேசான வேலை என்று உங்கள் சாருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. எனக்கு இன்னொரு கடிதம் எழுது, என்ன ஆனது என்று.

பிள்ளைகளுக்குப் பரிவு, பரிவு என்கிறீர்கள். எங்களுக்கு யார் காட்டுவது? எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகளின் விவரப் பதிவு, வாக்காளர் பட்டியல் வேலை, தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம். மனுஷராகவே நடத்தப்படாத வாத்தியார் பிள்ளையை எப்படி மனுஷராக நடத்துவது?
– பட்டதாரி ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

உங்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, உங்கள் கேள்விதான் சரி. ஆய்வுக் கூட்டத்தில் இருநூறு பேர் முன்னால் ஒரு தலைமையாசிரியரை எழுப்பி நிறுத்தி “உங்கள் பள்ளி ஏன் கடைசி?” என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் மறுநாள் பள்ளிக்குப் போய் ஆசிரியரை நிறுத்துவார், ஆசிரியர் வகுப்பில் பையனை நிறுத்துவார். நாங்கள் அப்போது ஒன்று செய்தோம். மதியச் சாப்பாட்டில் பத்து நிமிஷம் யாரும் மார்க் பேசக் கூடாது, பேசினால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். முதல் மாதம் எங்கள் உதவித் தலைமையாசிரியருக்குத்தான் நிறையச் செலவானது.

இதற்கெல்லாம் ஒரு தனிப் பாடம் வைத்து மார்க் போட்டால் எல்லோரும் ஒழுங்காகச் செய்வார்களே?
– பெற்றோர், திருப்பூர்

தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். எட்டாம் வகுப்பு வரை தினமும் ஒரு பீரியட், கொஞ்ச நேரம் கண்மூடி உட்காருவது, கதை, பேச்சு. அதற்குத் தேர்வும் வைக்கவில்லை, மார்க்கும் போடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் விவரமானவர்கள். திருப்பூரில் மார்க் போட ஆரம்பித்துப் பாருங்கள், அடுத்த திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டு எதிரில் ‘பரிவு ட்யூஷன் சென்டர், நூற்றுக்கு நூறு உத்தரவாதம்’ என்று போர்டு தொங்கும். நம் ஆட்கள் பிள்ளையை அங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்து, “கண்ணை மட்டும் விட்டுடுங்க சார்” என்று சொல்லிவிட்டு வருவார்கள்.